போட்டது போட்டபடி

கைவிடப்பட்ட இடங்களில் எனக்கு முதலில் பிடித்துப்போனது நீச்சல்குளம். தண்ணீர் வற்றிப்போன குளத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? நீச்சல் தெரியாதவனும் ஆழமான பக்கத்தில் கைவீசி நடக்கும் பாக்கியம் அங்கேதான் கிடைக்கும். எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் அந்த இடத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். அண்ணன் குடியிருந்த கட்டடம் ஏன் விழுந்தது, அண்ணி ஏன் அதற்குள் இருந்தார், நான் ஏன் வாயைத் திறக்கவில்லை, இவைதான் உங்கள் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். நடுவிலிருந்து ஆரம்பித்தால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். முதலிலிருந்து கேட்டால் அப்படித் தோன்றாது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம், ஆறிப்போகிறது.

நீச்சல்குளத்துக்கு அடுத்து, மூடிக் கிடக்கும் சினிமாக் கொட்டகை. நாற்காலிகள் எல்லாம் இன்னும் நல்ல பிள்ளைகளாக ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். ஆலைகள் பரவாயில்லை. ஆனால் நாம் போவதற்கு முன்பே யாராவது நட்டு போல்ட்டைக்கூட விடாமல் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். மருத்துவமனை என்றால் நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. அங்கே கூட்டம் அதிகம். கேமராவும் கையுமாக வருகிற இளவட்டங்கள், உடைந்த சக்கர நாற்காலியில் ஒரு பொம்மையை உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். பொம்மையை அவர்களே வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். ஒருமுறை நான் போனபோது ஒரே அறையில் வரிசையாகப் பொம்மைகள் உட்கார்ந்திருந்தன, டாக்டர் இன்னும் வரவில்லை என்பதுபோல. எதற்கப்பா இது என்று ஒருவனைக் கேட்டேன். பொம்மை இல்லாமல் எடுத்தால் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள் என்றான். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை, வருத்தம்தான். உண்மையாக ஓர் இடம் கிடைத்திருக்கும்போது அதில் போய்ப் பொய்யைக் கொண்டுவந்து வைக்கிறானே என்று இருந்தது.

எனக்கு என்று ஒழுங்கு உண்டு. எந்த இடத்திலும் பூட்டை உடைத்ததில்லை. ஒரு குண்டூசியைக்கூட எடுத்து வந்ததில்லை. எதையும் நகர்த்தியதும் இல்லை. இருந்தது இருந்தபடி பார்த்துவிட்டு வருவேன்.

எல்லாவற்றிலும் ஏமாற்றமானது, முறையாகக் காலி செய்த வீடு. மனிதர்கள் வீட்டைக் காலி செய்யும் அழகே தனி. சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்கி, பல்பைக் கழற்றி, கடைசியில் துடைப்பத்தால் கூட்டிவிட்டு, அந்தத் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் போனால் சுவர்தான் இருக்கும். சுவரை நான் ஆபீசிலேயே பார்க்கிறேன்.

எனக்குச் சுவரைப் பார்ப்பதுதான் உத்தியோகம். கட்டடம் நிற்குமா நிற்காதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சுவரிலோ தூணிலோ விரிசல் கண்டால், அதற்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சாந்து பூசி ஒட்டிவிடுவோம். விரிசல் சும்மா கிடந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். விரிசல் கொஞ்சம் விலகினாலும் கண்ணாடி உடைந்துவிடும். கண்ணாடி வளைந்து கொடுக்காது பாருங்கள், அதனால்தான் அதை நம்புகிறோம். இப்போது மின்சாரக் கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் குடியிருப்பவர்களுக்குக் கருவி புரியாது, கண்ணாடி புரியும். "கண்ணாடி முழுசா இருக்கிறவரைக்கும் நிம்மதியா தூங்குங்க" என்று சொல்லிவிட்டு வருவோம். அவர்களும் அப்படியே தூங்குவார்கள்.

ஒரு வீட்டில் அந்தக் கண்ணாடி நிஜமாகவே உடைந்தது. பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். கண்ணாடி உடைந்ததைப் பார்த்ததும் எல்லோரையும் உடனே இறக்கினேன். அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினார்கள். உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்ய நான் மட்டும் போனேன்.

அதை எப்படிச் சொல்வது. மேஜைமேல் பாதி உரித்த ஆரஞ்சு. தோல் ஒரே சுருளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் பல் போன சீப்பு, அதில் சிக்கிய முடி. கட்டிலில் ஒருவர் படுத்திருந்த பள்ளம். பள்ளத்தின் பக்கத்தில் வேறொரு பள்ளம், சின்னது. அலமாரியின் பின்னால் ஒளித்துவைத்த பிஸ்கட் டப்பா, டப்பாவுக்குள் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரின் ரகசியம். போட்டது போட்டபடி கிடந்தது எல்லாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு வயதில் முதல்முறையாக ஒரு வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன் என்று தோன்றியது.

சிரிக்காதீர்கள். நீங்கள் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். மணி அடிக்கிறீர்கள். உள்ளே சின்னதாக ஒரு கலவரம் நடக்கிறது. அப்புறம் கதவு திறக்கிறது. சிரித்த முகம், தட்டிவிட்ட சோபா, மூடிய படுக்கையறைக் கதவு. விருந்தாளிக்கு யாரும் வீட்டைக் காட்டுவதில்லை, ஹாலைக் காட்டுகிறார்கள். நான் தனியாள். எல்லா வீட்டுக்கும் நான் விருந்தாளிதான், அண்ணன் வீட்டுக்கும் சேர்த்து.

அண்ணியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். என்னைக் கேலி செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்குப் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். அது நடக்கவில்லை. அதற்கு அவர் எல்லோரிடமும் சொன்ன காரணம் இது: "பொண்ணு வீடு எப்படி இருக்குன்னு கேட்டேன். வீடு நல்லாதான் அண்ணி இருக்கு, ஆளுங்கதான் அதிகம்னுட்டாரு." நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லிச் சொல்லி, சொல்லியிருப்பேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. போனால் நன்றாகக் கவனிப்பார். நான் வருகிறேன் என்றால் வீடு பளபளக்கும். சோபாவில் கிடந்த துணியெல்லாம் ஹாலை ஒட்டிய உள்ளறைக்குள் போய், கதவு சாத்தப்படும். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவைத் தாண்டி நான் போனதில்லை. அவர்கள் மூன்று பேரும் அதற்குள்தான் வாழ்ந்தார்கள், அண்ணன், அண்ணி, அவர்களுடைய மகள். நான் ஹாலில் காபி குடித்தேன்.

ஆரஞ்சு வீட்டுக்குப் பிறகு எனக்கு நீச்சல்குளமும் கொட்டகையும் சப்பென்று ஆகிவிட்டன. ஆனால் அப்படிப்பட்ட வீடு எங்கே கிடைக்கும்? யாரும் வேண்டுமென்று வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போவதில்லை. அப்போதுதான் ஒரு பாட்டு வாத்தியார் வீட்டில் ஒட்டிய கண்ணாடியைப் பார்க்கப் போயிருந்தேன். வெறும் பூச்சு விரிசல், ஆபத்து ஒன்றும் இல்லை. கண்ணாடி முழுசாக இருந்தது. உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. கட்டைவிரல் நகத்தால் கண்ணாடியை ஒரு தட்டு தட்டினேன், உடைந்தது. அவ்வளவுதான்.

அவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்தான் அமைதிப்படுத்தி இறக்கினேன். பிறகு உள்ளே போய் நிதானமாகப் பார்த்தேன். எதையும் தொடவில்லை. கொஞ்ச நாள் கழித்து, மறுபடி சோதித்ததில் பயமில்லை என்று சொல்லி வீட்டைத் திரும்பக் கொடுத்தேன். பாட்டு வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். யாருக்கு என்ன நஷ்டம் என்று சொல்லுங்கள். அவருடைய அப்பா மட்டும் திரும்பி வரவில்லை. போன இடத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். வயதானவர்.

அதற்குப் பிறகும் சில வீடுகள் உண்டு. கேட்டால் சொல்கிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. எங்கள் ஆபீசில் என்னை ஜாக்கிரதைக்காரன் என்று மேலதிகாரி மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுவார்.

அண்ணன் வீட்டுக்கு நானாகப் போகவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணிதான் கூப்பிட்டார். மாடிப்படி தொடங்கும் இடத்தில் உள்ள தூணில் கோடு மாதிரி ஏதோ தெரிகிறது, வந்து பாருங்கள் தம்பி என்றார். தரைத்தளத்தில் துணி கிடங்கு, முதல் மாடியில் பல் மருத்துவர், அதற்குமேல் இவர்கள். கிடங்குக்காரர் இடம் போதவில்லை என்று உள்ளே ஒரு சுவரை எடுத்திருந்தார். நான் பார்த்தேன். தலைபோகிற விஷயமாகத் தெரியவில்லை. விரிசல்மேல் கண்ணாடி ஒட்டினேன்.

அண்ணிக்கு அந்தக் கண்ணாடியை ரொம்பப் பிடித்துவிட்டது. பால் வாங்கக் கீழே வரும்போதெல்லாம் முந்தானையால் துடைப்பாராம். போனில் பேசினால் அதன் சேதி இல்லாமல் வைக்க மாட்டார். "உங்க பிள்ளை நல்லா இருக்கான் தம்பி. குளிப்பாட்டிட்டேன்" என்பார். எனக்குப் பிள்ளை இல்லாததைக் கேலி செய்கிறாரா, பிள்ளை என்று ஒன்றைக் கொடுக்கிறாரா என்று புரியாது. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அண்ணன் மகளுக்கு வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் விருந்து என்றார்கள். நான் முடிவு செய்தது அப்போதுதான். இலேசாக ஒரு தட்டு. அவர்கள் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு இறங்குவார்கள், நான் மேலே போய் அந்த உள்ளறையைப் பார்ப்பேன். ஒருமுறை. என் சொந்த அண்ணன் எப்படி வாழ்கிறார் என்று தம்பி தெரிந்துகொள்ள ஆசைப்படுவதில் என்ன தப்பு?

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணி போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது. கண்ணாடி உடைஞ்சுபோச்சு தம்பி. தினம் துடைச்சுத் துடைச்சு நான்தான் உடைச்சுட்டேன்னு நினைக்கிறேன்."

உடனே போனேன். தூணுக்குக் கீழே தரையில் புதுசாக வெள்ளைப் பொடி உதிர்ந்திருந்தது. விரிசல் முன்பக்கத்தோடு நிற்காமல் தூணைச் சுற்றிப் பின்பக்கம் போயிருந்தது. கிடங்குக்காரர் தன் ஷட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து பாதியில் மாட்டிக்கொள்கிறது, ஏறவும் மாட்டேன் என்கிறது இறங்கவும் மாட்டேன் என்கிறது என்று என்னிடம் குறைப்பட்டார். மேலே இருக்கும் பாரம் இறங்கினால் ஷட்டர் அப்படித்தான் மாட்டும். எண்ணெய் போட்டுப் பாருங்கள் என்றேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆமாம், எனக்குத் தெரிந்தது. வேலை தெரியாதவன் என்று மட்டும் யாரும் என்னைச் சொல்லக்கூடாது.

ஆனால் வெள்ளிக்கிழமை காலையை யோசித்துப் பாருங்கள். அண்ணன் ஆபீசில், மகள் வெளியே, அண்ணி மட்டும் வீட்டில். அண்ணியை எனக்குத் தெரியும். கொஞ்சம் அவகாசம் கிடைத்தால் போதும், பாத்திரம் கழுவி, படுக்கை மடித்து, தரை துடைத்து, வீட்டைக் கல்யாணப் பெண் மாதிரி ஆக்கிவிட்டுத்தான் இறங்குவார். நான் மேலே போனால் மறுபடியும் ஹால்தான் இருக்கும், வீடு முழுக்க ஹால். வெள்ளிவரை நின்ற தூண் ஞாயிறுவரை நிற்காதா? இதைவிட மோசமான தூண்கள் வருஷக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் அண்ணியிடம் சொன்னேன். "ஆமா அண்ணி, நீங்க அழுத்தித் துடைச்சதாலதான் உடைஞ்சிருக்கு. இனிமே கை வைக்காதீங்க." புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்து ஒட்டினேன். அவருக்கு முகமே சுருங்கிப்போய்விட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, "மேல வாங்க தம்பி. வீடு கெடக்குற கெடையில கெடக்கு, ஒண்ணும் ஒதுக்கல. இருக்கட்டும், நீங்க என்ன வேத்தாளா" என்றார்.

நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேனே அண்ணி என்று சொல்லிவிட்டேன். கண்ணாடியை உடைத்துவிட்ட கூச்சத்தில் மரியாதைக்குக் கூப்பிட்டார், அவ்வளவுதான். அதோடு, ஆள் இருக்கிற வீட்டில் ஆளைத்தான் பார்க்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்ச்சாரி மருந்துக்கடையின் வெளி மாடிப்படியில் ஏறி நின்றுகொண்டேன். அங்கிருந்து அவர்கள் வீட்டு ஜன்னல் தெரியும். எல்லோரும் உட்கார்ந்து, பரிமாறி, முதல் வாய் வைத்ததும் நான் தெருவைக் கடந்து கண்ணாடியைத் தட்டி, இறங்குங்கள் என்று கத்தவேண்டும். அதுதான் திட்டம். மேஜையில் தட்டுகள் வைத்தார்கள். அண்ணன் மகள் தண்ணீர் ஊற்றினாள். அண்ணி புதுசாக எதையோ கொண்டுவந்து நடுவில் வைத்தார். ஆனால் யாரும் உட்காரவில்லை. ஆறிப்போகுமே, ஏன் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அண்ணி ஜன்னல் பக்கம் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அது எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள். அவர்கள் உட்காருவார்கள் என்று நான் காத்திருந்தேன். நான் வருவேன் என்று அவர்கள் காத்திருந்தார்கள். தம்பி வராமல் ஒருத்தரும் கைவைக்கக் கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டாராம். கடைசியில் அண்ணன்தான் பொறுமை இழந்து, எங்கே போய்த் தொலைந்தான் என்று பார்க்கக் கீழே இறங்கி வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தார். என்னைப் பார்த்துவிட்டார். கையை உயர்த்தி, வாடா என்றார்.

சத்தம் ரொம்ப இல்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. பிறகு புழுதி.

அண்ணன் மகள் நடப்பாள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அண்ணன் அன்றைக்கு உயிர் தப்பியதற்குக் காரணம் யார் என்று யோசித்தீர்களா? நான் நேரத்துக்குப் போயிருந்தால் அவரும் மேலேதான் இருந்திருப்பார். இதை அவரிடம் யாராவது எடுத்துச் சொல்லவேண்டும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்றீர்களே, நான் சொன்னால் அவர் கேட்கிற நிலையில் இல்லை.

மீட்புக்காரர்களோடு நானும் தொப்பி மாட்டிக்கொண்டு போனேன், என் வேலை அது. உள்ளறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எது ஹால், எது உள்ளறை என்று பிரிக்கவே முடியவில்லை, எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தது. இடிந்த இடங்கள் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. மக்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். கைவிட்ட இடத்தில் விட்டுப்போனவர்கள் இருப்பார்கள், இடிந்த இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அண்ணியை வேறு ஆட்கள்தான் எடுத்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இப்போது மேஜைமேல் வைத்தது நான் ஒட்டிய இரண்டாவது கண்ணாடிதான். ஒரு முனையில் என் சாந்து இருக்கிறது. நடுவில் உடைந்திருக்கிறது, சரி. ஆனால் உடைந்த இடத்தின்மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கிறதே, அது என் வேலை இல்லை. எங்கள் ஆட்கள் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

அண்ணியா?

சனிக்கிழமையே உடைந்துவிட்டதா? இந்தத் தடவை அவர் கையே வைக்கவில்லை என்று அண்ணன் சொன்னாரா? இருந்தும் தன் மேலேயே சந்தேகப்பட்டு, டேப் போட்டு ஒட்டிவிட்டு, "தம்பிகிட்ட மூச்சு விடாதீங்க, அவர் கஷ்டப்பட்டு ஒட்டினதை ரெண்டாவது தடவையும் கெடுத்துட்டேன், விருந்துக்கு வர்றவர் மனசு நோகும்" என்று அண்ணனிடம் சொன்னாரா?

இது எனக்குத் தெரியாது மேடம். சத்தியமாகத் தெரியாது. எப்படிப்பட்ட காரியம் பாருங்கள். கண்ணாடி என்ன விளையாட்டுச் சாமானா, உடைந்தால் ஒட்டிவைக்க? ஒரு போன் செய்திருந்தால் போதுமே, நான் வந்து நிலைமையைச் சொல்லியிருப்பேனே. எனக்குக் கோபம் இல்லை, போனவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆனால் மனசு ஆறவில்லை. இத்தனை வருஷம் பழகி, தம்பி தம்பி என்று கூப்பிட்டுவிட்டு, கடைசியில் உயிர் போகிற விஷயத்தை என்னிடமே மறைத்துவிட்டார். சொந்த வீட்டு மனிதர்களிடம் யாராவது இப்படி மறைப்பார்களா?